சண்டைக்காரி ரேணுகாம்பாள்

ரேணுகாம்பாளின் வாய்க்குப் பயந்து, தாலுகா கச்சேரிக்குப் பின்பக்கச் சந்து வழியாகப் போய் வந்தவர்கள் திருவண்ணாமலையில் உண்டு. கச்சேரியின் முன்வாசலில், புங்கமரத்தடியில், ஒரு முறத்தில் அவித்த வேர்க்கடலையும் இன்னொரு முறத்தில் கொய்யாப்பழமும் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். வியாபாரம் சும்மா பேருக்குத்தான். கண் முழுக்க உள்ளே, மூன்றாவது ஜன்னலோரம் உட்கார்ந்து நகல் எழுதும் தன் புருஷன் தண்டாயுதபாணியின் மேலேயே இருக்கும். கடலை கேட்டு யாராவது நடுவில் நின்று மறைத்தால், "அப்பால போய் நில்லு" என்று விரட்டுவாள்.

கச்சேரிக்கு டைப் அடிக்க சரசு என்றொரு பெண் வேலைக்கு வந்து சேர்ந்தது ஐம்பத்தெட்டாம் வருஷம். புருஷனைச் சந்தேகப்பட்டு அந்த வருஷம்தான் ரேணுகாம்பாள் முறத்தோடு வந்து உட்கார்ந்தாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னாலிருந்தே அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஊருக்கு ஞாபகமெல்லாம் தனக்கு வேண்டிய அளவுக்குத்தான்.

மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ அந்தக் கூத்து நடக்கும். தண்டாயுதபாணி எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்து விறுவிறுவென்று வெளியே வருவார். அவர் படி இறங்குவதற்குள் ரேணுகாம்பாள் பாய்ந்து போய்ச் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிடுவாள். "எவகிட்டய்யா பல்ல இளிச்சினு இருந்த? வாய்யா, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று கத்திக்கொண்டே பக்கத்திலிருந்த பழைய வண்டிக் கொட்டகைக்குள் இழுத்துப் போய் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். பிறகு கால் மணி நேரம் அவள் கத்தல் மட்டும்தான். பியூன்கள் வெளியே நின்று கேட்டுச் சிரிப்பார்கள். பத்திரம் பதிய வந்த கிராமத்து ஆட்கள் வேலையை மறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

வெளியே வரும்போது தண்டாயுதபாணியைப் பார்க்கச் சகிக்காது. உதடு கிழிந்திருக்கும், தலையெல்லாம் மண்ணாக இருக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். கை நீட்டி அடிக்கவே அடிக்கிறாள் என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. புதிதாக மாற்றலாகி வரும் ஒவ்வொரு தாசில்தாரும் ஒரு முறை அவரைக் கூப்பிட்டு, போலீசில் சொல்லி அந்த அம்மாளைக் கண்டிக்கச் சொல்லட்டுமா என்று கேட்பார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "வேணாங்க சார், என் தலையெழுத்து" என்பார். அந்த வாக்கியம் ரேணுகாம்பாள் சொல்லிக் கொடுத்தது. சொல்லும்போது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். அது மட்டும் அவருக்குச் சரியாக வரவில்லை என்று வீட்டில் கோபித்துக்கொள்வாள்.

தண்டாயுதபாணிக்குக் காக்காய் வலிப்பு. அது வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அவருக்குத் தெரியும். மூக்கில் கற்பூரம் கருகுவது போல ஒரு வாசனை வரும், இடது கட்டைவிரல் தானாகத் துடிக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் நாற்காலியிலிருந்து கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வலிப்பு தொடங்கும்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பும். ஒரு தரம் கேட்டவர்கள் அதை மறக்க மாட்டார்கள். அது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் ரேணுகாம்பாள் கத்தினாள். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்து, வாயில் வழியும் நுரையைத் துடைத்துக்கொண்டே, வாய் ஓயாமல் அவரைத் திட்டினாள். திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோனால் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும், குரலில் மட்டும் அழுகை தெரியாமல் பார்த்துக்கொள்வாள்.

இதெல்லாம் ஐம்பதாம் வருஷம் தொடங்கியது. ரேணுகாம்பாள் கண்ணமங்கலத்துப் பெண். கல்யாணமான மூன்றாம் நாள் தண்டாயுதபாணி அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். ஆரணியில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்ததையும், ஒரு நாள் ஆட்கள் நடுவே விழுந்ததையும், கையில் சாவிக்கொத்தைத் திணித்து, செருப்பை மோந்து பார்க்க வைத்து, அன்று சாயங்காலமே வேலையை விட்டு நிறுத்தியதையும் சொன்னார். விழுவது கூடப் பரவாயில்லை என்றார். "எழுந்திருக்கும்போது சுத்தி நின்னு பாக்கறாங்க பாரு, அந்த மொகங்களத்தான் தாங்க முடியல. நீ போறதுன்னா போய்டு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அவளுக்குப் பதினெட்டு வயது. பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு நாள் அவரோடு பேசவில்லை, பெட்டியைக் கூடக் கட்டி வைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் காலையில் அவர் சமையலறை வாசலில் விழுந்தார். அவள் சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். தெளிந்து கண் திறந்தவர் முதலில் வாசல் பக்கம் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். "யாரும் பாக்கலையே?" என்று கேட்டார். நாக்கு கடிபட்டு ரத்தம் வழிந்தது. "யாரும் பாக்கல. நான் மட்டுந்தான்" என்றாள். கட்டி வைத்த பெட்டியை அன்றே பிரித்துவிட்டாள்.

ஆரணியில் நடந்தது எதுவும் தெரியாத ஊர் என்றுதான் திருவண்ணாமலைக்கு வந்தார்கள். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, எந்த நாளும் ஒரு வேளை கூடத் தவறக் கூடாது என்று சொன்னார். வலிப்பு முழுக்க நிற்கவில்லை, ஆனால் வாரத்துக்கு மூன்று தரம் வந்தது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. மாத்திரை வாங்க இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவள் ரயிலேறிப் போக வேண்டும். அக்கம்பக்கத்தில் காரணம் சொல்ல வேண்டுமே. முதல் நாள் ராத்திரியே தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சண்டை போடுவாள். விடிந்ததும் குழந்தை நீலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அம்மா வீட்டுக்குப் போகிறேன், இனிமேல் இந்த வாசலை மிதித்தால் ஏன் என்று கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள். சாயங்கால ரயிலில் திரும்பி வந்துவிடுவாள். கிளம்பும்போது வெளியே பூட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வாள். அடுப்பு, விளக்கு, தண்ணீர்த் தொட்டி ஒன்றின் பக்கமும் போகாமல் அவர் உள்ளே பாயில் படுத்திருப்பார். கட்டிய புருஷனை வைத்துப் பூட்டுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறோம் என்று எதிர்வீட்டுப் பச்சையம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

டாக்டர் பேச்சைக் கேட்டவள் ஜோசியர் பேச்சையும் கேட்டாள். அந்தக் காலத்தில் யார்தான் கேட்கவில்லை? இது பித்ரு தோஷம், வருஷம் தவறாமல் ஆடி அமாவாசையில் புருஷன் முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் பன்னிரண்டாம் வருஷம் விலகும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். தர்ப்பணம் முடிகிறவரை பச்சைத் தண்ணீர் கூட நாக்கில் படக் கூடாது. ஆக அந்த ஒரு நாள் மட்டும் காலை மாத்திரை தள்ளிப் போகும். அய்யங்குளத்தில் கூட்டம் அலைமோதும் என்பதால், செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்னக் குளத்துக்கு அவரை அழைத்துப் போவாள். தண்ணீரில் இறங்க விட மாட்டாள். படியிலேயே உட்கார வைத்து, அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பாள். முடிந்த மறுநிமிஷம் மாத்திரையை வாயில் போடுவாள். தர்ப்பணம் செய்துவைக்கும் புரோகிதருக்குக் கூட அது வேடிக்கைதான். இப்படியே பத்து வருஷம் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடியது.

நீலாம்பாள் வளர்ந்தாள். அப்பா என்றால் அவளுக்கு உயிர். இவ்வளவு சாதுவான மனிதரை இந்த அம்மா படுத்துகிற பாடு என்ன என்று பத்து வயதிலேயே தாயிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டாள். தண்டாயுதபாணிக்கு அது பொறுக்கவில்லை. நீலாவுக்காவது சொல்லிவிடலாமே என்று பல முறை கேட்டார். ரேணுகாம்பாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். பெண் வாய் தவறி ஒரு சிநேகிதியிடம் சொன்னால் போதும், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வலிப்பு வம்சத்தில் வரும் என்று சொல்லி ஒருவனும் அவள் கழுத்தில் தாலி கட்ட மாட்டான். அப்படி வந்தே தீரும் என்றில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் டாக்டரைக் கொண்டுவந்தா உட்கார வைக்க முடியும்? "அவ கழுத்துல தாலி ஏறட்டும், அப்புறம் நானே சொல்றேன். அதுவரைக்கும் அவ என்ன வெறுத்தா வெறுத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

தாலி ஏற வேண்டும். அந்தப் பதினெட்டு வருஷ நாடகமும் கடைசியில் இந்த ஒன்றுக்காகத்தான் என்று ஆகிவிட்டது. அறுபத்தெட்டாம் வருஷம் போளூரிலிருந்து சோமசேகரன் என்பவர் தன் மகனுக்கு நீலாவைக் கேட்டு வந்தார். பையன் தபால் ஆபீசில் வேலையாக இருந்தான். தாம்பூலம் மாற்றி, ஆவணியில் முகூர்த்தம் என்று நாளும் குறித்தாயிற்று. பெண்ணின் தாய் கொஞ்சம் வாயாடி என்று யாரோ சோமசேகரன் காதில் போட்டிருந்தார்கள். வாய் நீளம்தானே, வேறு குறை இல்லையே என்று அவர் சிரித்துவிட்டார். அதைக் கேட்டு ரேணுகாம்பாள் சமையலறைக்குள் போய்ச் சாமி படத்தைக் கும்பிட்டாள்.

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் ரேணுகாம்பாள் வீட்டுக்குத் தூரமானாள். கொல்லைப்புறத்து ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்தாள். மூன்று நாளைக்கு வீட்டுக்குள்ளேயே வரக் கூடாதவள் தர்ப்பணம் நடக்கும் குளத்துக்கு எப்படிப் போவாள்? தாசில்தாருக்கும் போலீசுக்கும் பயப்படாதவள், செத்துப்போன மாமனார் மாமியாருக்குப் பயந்தாள். தன் தீட்டுப் பட்டுப் பத்து வருஷப் புண்ணியமும் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று கலங்கினாள். இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை. இன்னும் இரண்டே வருஷம்தான் பாக்கி.

அமாவாசையன்று காலையில் பச்சையம்மாளின் புருஷன் மூர்த்தியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு அனுப்பினாள். மூர்த்தி பஸ் கம்பெனியில் டிக்கெட் கிளார்க், நல்ல மனிதர். வேலி ஓரமாகத் தள்ளி நின்று அவரிடம் கெஞ்சினாள்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரர் கூட கொளத்துக்குப் போய்ட்டு வாங்க. ஒரு நிமிசம் கூட அவரத் தனியா வுடாதீங்க. பக்கத்துலயே இருங்க."

"ஏம்மா, அவரு இன்னா சின்னக் கொழந்தையா?"

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூர்த்தி யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் வீட்டுக்குள்ளே பச்சையம்மாள் இருக்கிறாள், முகூர்த்தத்துக்கு இன்னும் முப்பது நாள் கூட இல்லை. பதினெட்டு வருஷமாகப் பொய் சொல்லிப் பழகிய வாயில் பொய்தான் முதலில் வந்தது.

"எனக்கு அவர்மேல நம்பிக்க இல்ல" என்றாள்.

மூர்த்தி சரி என்று சொல்லிவிட்டுத் தண்டாயுதபாணியோடு நடந்தார். ரமணாசிரமம் தாண்டியதும் ஒரு டீக்கடை வந்தது. அங்கே மூர்த்தி நின்றார். மனசு கேட்கவில்லை அவருக்கு. "நீங்க போய்ட்டு வாங்க சார். இன்னிக்கி ஒரு காலையாவது நிம்மதியா இருங்க. கூடவே இருந்தேன்னு நான் சொல்லிக்கறேன்" என்றார். தண்டாயுதபாணி அவர் தோளில் கை வைத்துச் சிரித்தாராம். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் பார்த்ததே இல்லை என்று மூர்த்தி பிறகு எல்லாரிடமும் சொன்னார்.

படியில் உட்கார்ந்து தர்ப்பணம் செய்து முடித்தார். புரோகிதர் தட்சணையை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். சட்டை மடித்தபடி படியில் இருந்தது, அதன் பையில் மாத்திரைப் பொட்டலம் இருந்தது. அதை எடுத்து விழுங்கிவிட்டு அவர் வீட்டுக்கு நடந்திருக்க வேண்டும். ஆனால் தண்டாயுதபாணி சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீந்தி வளர்ந்தவர். பதினெட்டு வருஷமாகச் செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக் குளித்தவர். வேட்டி நுனியைப் பிடிக்க ஆளில்லாத அன்று, எல்லா ஆண்களையும் போலப் படியிறங்கித் தண்ணீருக்குள் போனார். ஆசைதான், வேறென்ன?

எதிர்க்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருத்திதான் பார்த்தாள். ஐயா நாலைந்து முழுக்குப் போட்டார், பிறகு கழுத்தளவு தண்ணீரில் மலையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார், அப்படியே உள்ளே போய்விட்டார், கையைத் தூக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை என்றாள்.

சேதி வந்ததும் ரேணுகாம்பாள் தீட்டையும் மறந்தாள், தெய்வத்தையும் மறந்தாள். செங்கம் ரோட்டில் தலைவிரி கோலமாக ஓடினாள். அவரைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் ஒரே கூட்டம். அந்த முகங்களை எல்லாம் ஒரு தரம் பார்த்தாள். "போங்க, யாரும் பாக்காதீங்க" என்று கத்திக்கொண்டு அவர் முகத்தைத் தன் உடம்பால் மறைத்து விழுந்தாள். சாகடித்துவிட்டு இப்போது என்ன நடிப்பு என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

போலீஸ் ஏட்டு வருவதற்குள் அவள் எழுந்து போய்ப் படியிலிருந்த சட்டையை எடுத்தாள். பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. மாத்திரை இரண்டும் அப்படியே இருந்தன. அதை இடுப்பில் சொருகி, புடவையால் மூடிக்கொண்டாள். அப்போதே அவள் தீர்மானித்துவிட்டாள்.

உடம்புக்கு ஏதாவது கோளாறு உண்டா என்று ஏட்டு கேட்டார். இல்லை என்றாள். வீட்டில் சண்டை உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். நேற்று? நேற்றும் போட்டேன் என்றாள். சண்டை இல்லாத நாளே இல்லை என்று மூர்த்தியும் பச்சையம்மாளும் தலையாட்டினார்கள். குடும்பத் தகராறில் மனம் வெறுத்து, என்று ஏட்டு எழுதிக்கொண்டார். ரேணுகாம்பாள் கையெழுத்துப் போட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சோமசேகரன் வந்தார். பந்தியெல்லாம் முடிந்தபின் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டவரில்லை, கேட்டாக வேண்டியதைக் கேட்டார்.

"ஒரே ஒரு வார்த்த கேக்கறேன் யம்மா. சம்பந்தி நல்லா நீந்துவாருன்னு சொல்றாங்க. திடீர்னு போறதுக்கு ஏதாச்சும் வியாதி, கியாதி உண்டா? இருந்தா சொல்லிடுங்க. நாளைக்கிப் பொறக்கப் போற கொழந்தைங்க விசயம்."

"வியாதி ஒண்ணும் இல்லீங்க. என் வாய் பொறுக்க மாட்டாமதான் போய்ட்டாரு."

அவர் தோள் துண்டைச் சரி செய்துகொண்டார். பிறகு, பெண் நல்ல பெண், அப்பாவின் குணத்தைக் கொண்டவள், கொடுத்த வாக்கிலிருந்து நாங்கள் மாறவில்லை என்றார். தை மாதம் எளிமையாகக் கல்யாணத்தை முடித்துவிடலாம், ஆனால் பெண்ணின் தாய் போளூர் வீட்டு வாசலுக்கு வரக் கூடாது, பெண்ணும் இங்கே வரப் போக வேண்டாம் என்றார். ரேணுகாம்பாள் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு நிஜமான கும்பிடு.

தை மாதம் கோயிலில் தாலி கட்டினார்கள். பெண்ணுக்குத் தாய் ஸ்தானத்தில் பச்சையம்மாள் நின்றாள். ரேணுகாம்பாள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மேளச் சத்தம் நாலு தெரு தாண்டிக் கேட்டது. கெட்டிமேளம் அடித்தபோது வெறும் சுவரைப் பார்த்து, "ஏறிடுச்சுங்க" என்று சொன்னாள்.

மத்தியானம் போளூர் பஸ்ஸுக்குப் போகும் வழியில், மாப்பிள்ளை வீட்டாரைத் தெருமுனையில் நிற்கச் சொல்லிவிட்டு நீலா மட்டும் வீட்டுக்கு வந்தாள். புதுத் தாலியும் மாலையுமாக வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அப்பாவுக்கு உள்ளுக்குள்ள ஏதாச்சும் நோய் இருந்துச்சா? இருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லு போதும். நான் உன்ன நெனச்சி அழுதுட்டாவது போவேன்."

தாலி ஏறியபின் நானே சொல்கிறேன் என்று ரேணுகாம்பாள் புருஷனிடம் சொன்ன வார்த்தை அவளுக்கு நினைவில் இருந்தது. சொல்லிவிட்டால் பெண் இப்போதே படியேறி வந்து கட்டிக்கொள்வாள். ஆனால் தெருமுனையில் சோமசேகரன் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நீலாவோ மனசில் எதையும் ஒளிக்கத் தெரியாதவள். அப்பனைப் போல, பொய் சொன்னால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு வருஷம் ஒளிப்பாள், இரண்டு வருஷம் ஒளிப்பாள், நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காய்ச்சலில் கை கால் லேசாக வெட்டி இழுத்தால் கூடப் பயந்துபோய்ப் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

"உங்கப்பாவுக்கு ஒரு நோயும் இல்ல" என்றாள் ரேணுகாம்பாள். "கல்லு மாதிரி இருந்தாரு. எல்லாம் என்னாலதான்."

நீலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நீ சாகும்போது சொல்லி அனுப்பாதே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தெருமுனையில் சோமசேகரன், உங்கம்மா என்ன சொன்னாங்க என்று கேட்டிருப்பார் போலும். நீலா ஏதோ பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு மருமகளின் தோளைத் தட்டிக் கொடுத்து முன்னால் போகச் சொன்னதை ரேணுகாம்பாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பெண் தப்பித்துவிட்டாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும்வரை அங்கேயே நின்றாள்.